மாத்தாள்

வேதாசலம் வீசி எறிந்த காலி ரேஷன் பை கூடத்தில் உட்கார்ந்திருந்த சந்திராவின் காலடியில் போய் விழுந்தது. அவர் குறி பார்த்து எறியவில்லை. ஆனால் சந்திராவுக்கு அப்படித்தான் பட்டது.

"நான் இன்னா பண்ணேன்? என் மேல ஏன் காட்டுறீங்க?"

"ஒன்னாலதான்டி அரிசி இல்லன்றான். கார்டுல நாலு பேரு. மூணு பேருக்கு ரெண்டு ஊசியும் ஆச்சாம். ஒனக்கு மட்டும் ஒண்ணுதானாம். நீ போட்டுகினு வர்ற வரைக்கும் நாலு பேருக்கும் கெடையாதாம்."

வேதாசலம் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். முப்பது வருஷம் விசைத்தறி இரைச்சலில் நின்றவர். காது பாதி போய்விட்டது. எதிராளி உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். எல்லோரும் முகக்கவசம் மாட்டிக்கொண்ட இந்த இரண்டு வருஷத்தில் அந்த வழியும் அடைபட்டுப்போனதால் குரல் இன்னும் ஏறிவிட்டது. அன்று காலை அந்தத் தெருவில் சந்திராவின் ஊசிக் கணக்கு தெரியாதவர்கள் யாரும் இல்லை.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை பஸ் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தெரு. இருபத்தெட்டு வீடு. எல்லா வீட்டுக்குப் பின்னாலும் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டு. ஷெட்டுக்குள் நாலு தறியோ ஆறு தறியோ லுங்கி நெய்துகொண்டிருக்கும். நூல் விலை ஏறியதிலிருந்து பாதித் தறிகள் சும்மா நின்றன. அந்த டிசம்பரில் ரேஷன் அரிசி இல்லாவிட்டால் அடுப்பு எரிவதே சந்தேகம் என்கிற வீடுகளில் வேதாசலத்தின் வீடும் ஒன்று. அவர், மனைவி சந்திரா, கல்லூரியில் படிக்கும் மகள் சுசித்ரா, விதவைத் தங்கை மணியம்மை. இந்த நாலு பேர்தான் அந்தக் கார்டு.

சந்திரா ஊசிக்குப் பயந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மே மாதம் தெருவில் ஐந்து பேரைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. முகாம் போட்ட அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றவளே அவள்தான். போட்டுப் பத்து நிமிஷத்தில் நாக்கு தடித்தது, தொண்டை அடைத்தது, கண் மேலே சொருகியது. முகாமில் இருந்த நர்ஸ் பானுப்ரியா சட்டென்று மாற்று ஊசி ஒன்று போட்டு, வாசலில் நின்ற ஹயாத் பாஷாவின் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மூன்று நாள் படுக்கை. பிழைத்தாள்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "ரெண்டாவது ஊசி உங்களுக்கு வேணாம்மா. ஒடம்பு தாங்காது."

"அத்த எழுதிக் குடுங்க டாக்டர்."

"அதுக்குன்னு தனியா சீட்டு ஒண்ணும் இல்லம்மா. டிஸ்சார்ஜ் சீட்டுல அலர்ஜின்னு போட்டிருக்கேன். அது போதும்."

அது போதவில்லை.

அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு சந்திரா ரேஷன் கடைக்குப் போனாள். கடையில் விற்பனையாளர் ராஜகோபால். கெட்டவர் அல்ல. எடை போடும்போது கை வைத்து அழுத்தாத ஆள் என்று தெருவில் நல்ல பெயர். அன்றைக்கு மட்டும் அவர் சந்திராவின் முகத்தைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துப் பேசினார்.

"சீட்ட வச்சிகினு நான் இன்னாமா பண்றது? ரெண்டு டோஸ் சர்ட்டிபிகேட்டு இருந்தா போடுன்னு சொல்லிக்கீறாங்க. இல்லன்னா போடாதன்றாங்க. மெஷின்ல சீட்டுக்கு எடமில்ல."

"யாரு சொன்னாங்க?" என்றாள் சுசித்ரா.

"மேல இருந்து."

"மேலன்னா? மலை மேல இருந்தா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜகோபால் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல இருந்துமா. போன்ல."

"உத்தரவு காயிதம் காட்டுங்க. நம்பரு, தேதி, கையெழுத்து. படிச்சிட்டுப் போயிர்றோம்."

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். காகிதம் இல்லை, ஒரு குரல் பதிவு. பேசியவர் பெயர் இல்லை, பதவி இல்லை. 'இந்த மாசக் கடைசிக்குள்ள நம்ம ஏரியா நூறு பர்சன்ட் ஆகணும். ஆகலன்னா சம்பளம் நிக்கும். அரிசியில கை வச்சாத்தான் ஜனங்க வருவாங்க' என்று அந்தக் குரல் சொன்னது. பின்னால் ஏதோ ஒரு ஹோட்டலில் தட்டுகள் மோதும் ஓசையும் கேட்டது.

"இது உத்தரவா?" என்றாள் சுசித்ரா.

"வாய்மொழி உத்தரவு," என்றார் ராஜகோபால். அவருக்கே வெட்கமாக இருந்தது. "என்ன ஏம்மா கேக்குற? எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க."

எய்தவன் இருக்க அம்பை நோவதில் பலன் இல்லைதான். ஆனால் எய்தவன் எங்கே இருக்கிறான் என்பதையாவது நமக்குச் சொல்ல வேண்டாமா? இந்த நாட்டில் பிறந்ததற்குக் காகிதம் வேண்டும், செத்ததற்குக் காகிதம் வேண்டும், குடியிருக்கும் வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கும் காகிதம் வேண்டும். ஜனங்களிடம் இத்தனை காகிதம் கேட்கிற அரசு, அவர்கள் சோற்றுப் பானையில் கை வைக்கும்போது மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதாது. எழுதினால் அடியில் யாராவது கையெழுத்துப் போட வேண்டி வரும். கையெழுத்துப் போட்டவரைப் பிறகு நாலு பேர் கேள்வி கேட்பார்கள். வாயால் சொன்னதை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்டுவது?

அங்கிருந்து இருவரும் பானுப்ரியாவிடம் போனார்கள். அவள் சந்திராவைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அய்யய்யோ, உங்களுக்கு நான் போட மாட்டேங்க. அன்னிக்கு நீங்க இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்."

"போடாதம்மா. போட வேணாம்னு எழுதிக் குடு. அது போதும்."

பானுப்ரியா போனைத் திறந்து காட்டினாள். ஊசி போட்டாச்சு, போடவில்லை. இரண்டே கட்டம். போடக் கூடாது என்பதற்குக் கட்டமே இல்லை. "நானும் மூணு தபா கேட்டுட்டேங்க, இந்த மாதிரி ஆளுங்களுக்கு இன்னா பண்றதுன்னு. மொதல்ல நூறு பர்சன்ட் முடி, அப்புறம் பாக்கலாம்ன்றாங்க. சனிக்கெழம மட்டும் முந்நூறு பேருக்குப் போடணும் நானு. இல்லன்னா என் மேல மெமோ."

ஊசியின் மேல் குற்றம் இல்லை. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து. குத்துகிற கையின் மேலும் குற்றம் இல்லை. ஊரில் ஒருத்திக்கு அது ஆகாது என்றால் அவள் பெயரை எழுத ஒரு கட்டம் வைக்கத் தோன்றாத மூளை எங்கேயோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நூறு நூறு என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களைப் பார்த்து வேதாசலம் கேட்டார்: "இன்னா சொன்னாங்க?"

சுசித்ரா முகக்கவசத்தை இறக்கி, உதடு தெரியும்படி சொன்னாள். "போட்டா அம்மா செத்துருவாங்க. போடலன்னா நாம பட்டினி. ரெண்டுல எதுவேணா எடுத்துக்கலாமாம் நைனா."

வேதாசலம் எழுந்து ஷெட்டுக்குள் போய் ஓடாத தறி ஒன்றின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

விசைத்தறி ஷெட்டுகளில் மாத்தாள் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை, அல்லது கல்யாணம் கருமாதிக்குப் போக வேண்டியிருக்கிறது என்றால், தன் தறியைச் சும்மா போட மாட்டான். இன்னொருவனை அனுப்புவான். வந்தவன் அவன் பெயரிலேயே நெய்வான், கூலியும் அவன் பெயரிலேயே எழுதப்படும். முதலாளிக்குத் தறி ஓடினால் சரி. யார் ஓட்டினான் என்று பார்க்க மாட்டார். இது பொய் என்றோ திருட்டு என்றோ அந்தத் தெருவில் யாரும் நினைத்ததில்லை. முப்பது வருஷம் இப்படியே பிழைத்த மனுஷனுக்கு, ஊசிக்கும் மாத்தாள் அனுப்பினால் என்ன என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

"சனிக்கெழம முகாமுக்கு மணி போகட்டும்," என்றார். "சந்திரா பேர்ல."

பின்கட்டில் மணியம்மை தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் நூல் சுற்றுகிற வேலை. பதினோரு வருஷமாக அவள் வேலை அதுதான். அதோடு சமையல், பாத்திரம், அண்ணிக்குக் கால் பிடிப்பது. அரக்கோணத்தில் ரயில்வே காண்டிராக்டில் வேலை பார்த்த அவள் புருஷன் முப்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தான். அப்போது அவளுக்கு இருபத்தேழு. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குள் வந்தவள்தான். சோறு போட்டார்கள், துணி எடுத்துக் கொடுத்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் பதினோரு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கும் தோன்றவில்லை.

"அத்தை ரெண்டு ஊசியும் போட்டுக்கினாங்க நைனா," என்று சுசித்ரா கத்தினாள். "இது மூணாவது. மூணு மாசம்கூட ஆகல."

"ஒடம்பு நல்லாத்தான கீது அவளுக்கு? ஒரு நாளு காய்ச்சல் வரும், போயிரும். ஒங்க அம்மா போனா வருவாளா?"

சந்திரா என்ன சொல்வாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். பயந்தாள், சொல்லவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். மேலே ஒருவர் மிரட்டினார். ஆபீஸ் கடையை மிரட்டியது. கடை வீட்டை மிரட்டியது. வீட்டுக்குள் வந்து அது இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பின்கட்டில் அது தயாராக இருந்தது.

சனிக்கிழமை காலையில் இன்னொரு சிக்கல் வந்தது. ஆதார் அட்டையில் இருந்த சந்திரா பெரிய குங்குமப் பொட்டும் தலை நிறையப் பூவுமாக இருந்தாள். மணியம்மையின் நெற்றி பதினோரு வருஷமாக வெறும் நெற்றி. முகக்கவசம் மூக்கையும் வாயையும் மறைக்கும், நெற்றியை மறைக்காது.

"பொட்டு வச்சி உடு," என்றார் வேதாசலம் மனைவியிடம்.

சந்திராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாங்க சொல்றீங்க? தெருவுல நாலு பேரு பாத்தா?"

"ஆட்டோல போயிட்டு ஆட்டோல வர்றா. யாரு பாக்கப்போறா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில், இதே அண்ணன் முன்னால் நின்று பார்க்க, தெருப் பெண்கள் சேர்ந்து மணியம்மையின் பொட்டை அழித்தார்கள். அது சாஸ்திரம், மாற்றக் கூடாது என்றார்கள். சுசித்ராவின் சடங்குக்கு அத்தை சீர் வைக்க ஆசைப்பட்டபோதும் அது சாஸ்திரம் என்றுதான் பின்கட்டிலேயே உட்கார வைத்தார்கள். இப்போது இருபது கிலோ அரிசிக்காக அந்தச் சாஸ்திரம் ஒரு மணி நேரம் விலகி நின்றது. சந்திரா தன் குங்குமச் சிமிழைத் திறந்து, நாத்தனார் நெற்றியில் பொட்டு வைத்தாள். ஒரு முழம் பூவையும் வைத்தாள். தன் பச்சைப் புடவையைக் கட்டச் சொன்னாள்.

மணியம்மை சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போலாமா அண்ணா?" என்றாள். அவ்வளவுதான்.

முகாமில் பானுப்ரியா இல்லை. அவளை வேறு இடத்துக்குப் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் ஆதாரைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், எண்ணைத் தட்டினாள்.

"பேரு?"

"சந்திரா."

"போன தபா ஊசி போட்டப்ப ஏதாவது ஆச்சாம்மா? மூச்சு அடைப்பு, வீக்கம்?"

"இல்ல," என்றாள் மணியம்மை. அவளைப் பொறுத்தவரை அது சத்தியம். அந்தச் சத்தியம் சந்திராவின் பெயருக்கு நேராகப் பதிவானது. இனிமேல் அரசாங்கத்தின் கண்ணில் சந்திராவுக்கு எந்த ஊசியும் ஆகும்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சுசித்ராவின் போனில் வாழ்த்துச் செய்தி வந்துவிட்டது. மணியம்மை ஆட்டோவை விட்டு இறங்கியதும் சந்திரா சொன்ன முதல் வார்த்தை: "மொகத்த கழுவிக்கோ மணியம்மா, யாராவது வரப்போறாங்க." மணியம்மை தண்ணீர்த் தொட்டியிடம் போய்க் கழுவிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள் எழுந்து தார் சுற்ற உட்கார்ந்தாள். அரிசி வந்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். அவளும்தான் சாப்பிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வேதாசலத்தின் குரலால் மாத்தாள் சேதி வெளியே பரவியிருந்தது. அடுத்த வாரம் வீரபத்திரன் வந்தார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுத்து லுங்கி வாங்கிக்கொள்ளும் முதலாளி அவர். அவருடைய வீட்டம்மாவுக்கு ஊசி என்றாலே மயக்கம். வீட்டில் ஒருத்தர் பாக்கி இருந்தாலும் ஷெட்டைப் பூட்டிவிடுவோம் என்று அவரிடமும் யாரோ வாயால்தான் சொல்லியிருந்தார்கள்.

"வேதாசலம், ஒந்தங்கச்சிய நாளைக்கு ஒரு மணி நேரம் அனுப்பு," என்றார், ஏணி இரவல் கேட்கிற குரலில். "ஆளு கெட்டியா கீறா. ஒண்ணும் ஆவாது."

"ஆங், மொதலாளி," என்றார் வேதாசலம்.

பின்கட்டில் தார் மெஷின் நின்றது.

"நான் வர்ல," என்றாள் மணியம்மை.

வேதாசலத்துக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து அவள் எழுந்து வந்தாள். அவருக்கு உதடு தெரியும்படி எதிரில் நின்று மறுபடியும் சொன்னாள். "நான் வர்ல அண்ணா."

வீரபத்திரன் சிரித்தார். "இன்னாம்மா இது? அண்ணிக்குப் போட்டுகினல்ல? எங்க வூட்டம்மா ஒனக்கு வேத்து மனுசியா?"

"அண்ணிக்கும் நான் போட்டுக்கல மொதலாளி. என்ன இட்டுகினு போனாங்க. எங்கண்ணன் என் கைய எடுத்துக் குடுத்தாரு. இப்ப நீங்க வாங்கிகினு போவ வந்துக்கீறீங்க. அது யாரு கையின்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"பாவு வேணாமா ஒங்க அண்ணனுக்கு?"

"அத்த அவரக் கேளுங்க. கையி என்னுது."

வீரபத்திரன் போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று வாரம் பாவு வரவில்லை. நாலு தறியும் நின்றன. தறி நின்ற வீட்டில் வேதாசலத்தின் குரல் மட்டும் ஓடியது. சோறு போட்டதைச் சொல்லிக் காட்டினார், துணி எடுத்துக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டினார். வீரபத்திரன் வந்து போன நாலாம் நாள் மணியம்மை சுசித்ராவிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு மனு எழுதணும் சுசி."

"இன்னான்னு அத்தை?"

"நடந்தது நடந்தபடி. அண்ணிக்கு ஊசி ஆவாது. டாக்டரு சீட்டு கீது. அரிசி குடுக்கல. அதுக்காண்டி அண்ணி பேருல நான் போயி ஊசி போட்டுகினேன். எனக்கு இது மூணாவது. இந்த உத்தரவு யாரு போட்டது, காயிதம் குடுங்க. ஒடம்புக்கு ஆவாதவங்களுக்கு ஒரு வயி வையுங்க. அண்ணி பேருல தப்பா எழுதிக்கீறத திருத்துங்க. அவ்ளோதான்."

"அத்தை, நீங்க போட்டுகினத எழுத வேணாம். மாட்டிக்குவீங்க."

"அத்த எழுதலன்னா அண்ணிக்கு ரெண்டு ஊசியும் ஆச்சுன்னுதான கணக்கு? நாளைக்கு மூணாவதுன்னு வந்து நின்னா? அவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் பொறுப்பில்லையா?"

சந்திரா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து வந்து நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மணியம்மை அவளைத் தேற்றவில்லை, அழ விட்டாள். அந்த அழுகை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நாள். காலை ரயிலுக்குக் கிளம்பும்போது மணியம்மை கண்ணாடி முன்னால் நின்று, தானாகவே குங்குமம் எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

வேதாசலம் வாசலை மறித்தார். "இன்னாடி இது? மனு குடுக்கப் பொட்டு எதுக்கு? அழிடி. தெரு சிரிக்கும்."

"கவர்மெண்டு போட்டோவுக்கு வச்சீங்களே, அன்னிக்கு தெரு சிரிக்கலயா?"

"அது வேற."

"ஆங், வேறதான். அது அண்ணி பொட்டு. இது என்னுது."

வேதாசலம் விலகித்தான் நின்றார். ரயிலில் மணவூர் தாண்டும் வரை சுசித்ரா அத்தையின் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரி, கேட்காமலே ஒரு துண்டு கதம்பத்தைக் கிள்ளிக் கொடுத்தாள். மணியம்மை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

மனுவை வாங்கினார்கள், முத்திரை குத்தி ஒரு ரசீது கொடுத்தார்கள். பிறகு நாற்பத்தாறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. லுங்கிக்குக் கிராக்கி வந்ததும் வீரபத்திரனே பாவை அனுப்பிவிட்டார். ரேஷன் கடையில் சர்ட்டிபிகேட் கேட்பது தன்னால் நின்றுபோயிருந்தது. எப்போது நிறுத்தினீர்கள் என்று சுசித்ரா கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப இல்லமா," என்றார் ராஜகோபால். நிறுத்தியதற்கும் காகிதம் இல்லை. ஒரு குரல் வந்து ஊரின் வாயை அடைத்தது. வேறொரு குரல் வந்து திறந்துவிட்டது. இடையில் பட்டினி கிடந்த வீடுகள் எத்தனை என்பது எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

நாற்பத்தேழாம் நாள் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். மணியம்மையின் பெயருக்கு வந்த முதல் கடிதம். அரசு முத்திரை, எண், தேதி, அடியில் பச்சை மையில் கையெழுத்து, எல்லாம் இருந்தன. வீட்டில் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். சுசித்ரா படித்தாள்.

'பார்வையில் காணும் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தடுப்பூசி செலுத்திக்கொள்ளாத குடும்ப அட்டைதாரர்களுக்கு அத்தியாவசியப் பொருட்களை நிறுத்தி வைக்குமாறு இவ்வலுவலகத்திலிருந்து எவ்வித உத்தரவும் பிறப்பிக்கப்படவில்லை என்பது தெரிவிக்கப்படுகிறது.'

"இன்னா சொல்றான்?" என்றார் வேதாசலம்.

"அப்பிடி ஒரு உத்தரவே இல்லையாம் நைனா."

"இல்லையா?" வேதாசலம் மகளின் உதட்டைத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தார். "இன்னொரு தபா சொல்லு."

"இல்லவே இல்லையாம்."

சந்திரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இல்லாத உத்தரவுக்குப் பயந்துதான் இத்தனை நாள் தூக்கம் இல்லாமல் கிடந்தாள்.

"கீழ இன்னும் இருக்குதே சுசி," என்றாள் மணியம்மை. "படி."

சுசித்ரா தொடர்ந்தாள். 'மேலும், திருமதி சந்திரா என்பவரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து தடுப்பூசி செலுத்திக்கொண்டதாகத் தாங்களே மனுவில் ஒப்புக்கொண்டுள்ளீர்கள். அரசை ஏமாற்றிய இச்செயலுக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான எழுத்துப்பூர்வ விளக்கத்தைப் பதினைந்து தினங்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.'

சந்திராவின் பெயரில் தப்பாக ஏறியதைத் திருத்துவது பற்றி ஒரு வரியும் இல்லை. ஊசி ஆகாதவர்களுக்கு வழி பற்றியும் இல்லை.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று வேதாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "போலீசு வரும். இப்பவே ராஜகோபாலு கிட்ட போயி கால்ல வுழுவோம். மன்னிப்புன்னு எழுதிக் குடுத்துருவோம். நானே எழுதித் தர்றேன், நான்தான் அனுப்பினேன்னு."

"நீங்க அனுப்பினதையும் எழுதத்தான் போறேன் அண்ணா," என்றாள் மணியம்மை. கடிதத்தை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரிந்த அளவுக்கு எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். அந்தப் பச்சைக் கையெழுத்தை விரலால் தடவினாள். "இவங்களுக்கு எழுதவே தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். எவ்ளோ அழகா எழுதுறாங்க பாரு."

மலைக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வந்துகொண்டிருந்தது.

"சுசி, பேனா எடு."

"எடுத்துட்டேன் அத்தை."

"மொத வரி. மணியம்மையாகிய நான் போட்டுகினது நெஜம். எழுதிக்கினியா?"

"ஆங்."

"ரெண்டாவது வரி. மன்னிப்பு கேக்கல."

வேதாசலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சந்திரா அவர் கையைப் பிடித்து அடக்கினாள். பிறகு நகர்ந்து வந்து, "எம் பேரையும் கீய போடு சுசி, நானும் கையெழுத்துப் போடுறேன்," என்றாள்.

மணியம்மை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேலே சொன்னாள்.

"மூணாவது இத்த எழுது. அய்யா, உத்தரவே இல்லன்னு நீங்களே கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறீங்க. அப்ப இல்லாத உத்தரவ நான் எப்பிடிங்க ஏமாத்துனேன்?"